நோகாத புண்

ஹிம்மெல்பியெர்கெட் மலையின் உச்சிவரை கார் போகும். ஹேர்னிங் தமிழ்ச் சபையார் காரில் உச்சிக்குப் போய், காரை அங்கே விட்டுவிட்டு, காட்டு வழியாக ஏரிக்கரைக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடியும் ஏறுவார்கள். கிறிஸ்து பரலோகத்துக்கு ஏறிய வியாழக்கிழமை டென்மார்க்கில் விடுமுறை நாள். ஆறு வருடங்களாக அன்றைக்கு உபவாசமிருந்து இப்படி ஏறுவது அவர்கள் வழக்கம். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். உச்சியில் நிற்கும் செங்கல் கோபுரத்தடியில் ஜெபித்து, யாராவது ஒருவர் ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்ன பிறகுதான் சாப்பாடு.

“மேலதானே நிண்டனாங்கள்,” என்றார் தங்கமலர், கரையில் நின்று அண்ணாந்து பார்த்தபடி. சபையில் அவர்தான் மூத்தவர், அறுபத்தெட்டு வயது. “அங்கயே முழங்காலில நிண்டு ஜெபிச்சிருந்தா ஆண்டவருக்குக் கேட்டிருக்காதோ?”

“கேட்டிருக்கும் அன்ரி. உங்களுக்குத்தான் இப்பிடிப் பசிச்சிருக்காது,” என்றாள் ஜெனனி. தாதியர் படிப்பு படிக்கிற பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். கிருபாமலரும் சிரித்தாள். அங்கே நின்ற பதினொரு பேரில் அவள் ஒருத்திதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். விடியுமுன் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டாள். பிறகு சமையலறையில் நின்றபடியே ஒரு துண்டுப் பாணில் பட்டர் பூசிச் சாப்பிட்டாள். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஆனால் அவள் ஊசி போடுகிறாள் என்பது, கணவர் நேசரட்ணத்தைத் தவிர, சபையில் ஒருவருக்கும் தெரியாது.

போன வருடம் அவளுடைய நீரிழிவு உண்மையாகவே குறைந்தது. சபை நாற்பது நாள் அவளுக்காக ஜெபித்தது. டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். டிசம்பரில் நத்தார்க் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார், மாத்திரையை விட்டுவிட்டேன் என்று அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். சொன்ன அன்று அது உண்மை. நேசரட்ணம் அதைப் போனில் பதிந்து தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். ஒடென்சே, பிரெடெரிசியா, லண்டன், கனடா என்று அது போய்க்கொண்டேயிருந்தது. ஜனவரி கடைசியில் சீனி முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. டொக்டர் இன்சுலின் எழுதினார். அதைச் சொல்ல அவள் எழுந்து நிற்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. நல்ல மனிதர்களின் பொய் பல சமயம் இப்படித்தான், ஒரு சொல்லும் பேசாமலே உண்டாகிவிடுகிறது.

ஏறத் தொடங்குமுன் அவள் கணவரைத் தனியே கூப்பிட்டாள். பாஸ்டர் வேறு ஊரில் இருப்பதால், இந்த மலைப் பயணத்தை நடத்துவது நேசரட்ணம்தான்.

“இண்டைக்கும் நான்தான் சாட்சி சொல்ல வேணுமே?”

“புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கினம். ரெண்டே வார்த்தை சொல்லும். நடந்ததைத்தானே சொல்லப்போறீர்.”

“நடந்ததில பாதியை.”

நேசரட்ணம் ஏரியைப் பார்த்தார். “மற்றப் பாதியை ஆண்டவர் செய்து முடிப்பார், மலர். அதுக்குள்ள ஏன் ஆக்களை இடறப்பண்ணுவான்?”

அவர் கெட்டவர் அல்ல. சபையில் யாருக்கு நோய், வருத்தம் என்றாலும் வேலைக்கு லீவு போட்டுக் காரை எடுக்கிறவர். அதனால்தான் அவருக்கு மறுமொழி சொல்வது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

பாதை கரையை விட்டதுமே செங்குத்தாக எழுந்தது. நோர்வேக்காரர் பார்த்தால் இதை மலை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் வெறும் வயிற்றோடு ஏறுகிறவர்களுக்கு அது மலைதான். புங்கை இலைபோல் பளபளக்கும் புது பீச் இலைகளுக்குள் வெயில் பச்சையாக இறங்கியது. மரவேர்கள் பாதையைக் குறுக்கறுத்துக் கிடந்தன. வேர் முடிந்த இடத்தில் பலகைப் படிகள். படி முடிந்தால் மறுபடி வேர். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு குடும்பத்துக்காக ஜெபித்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மரங்களுக்கிடையில் ஏரி இன்னும் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. ஒரு வெள்ளைப் படகு கோடு கிழித்துக்கொண்டு போனது.

மூன்றாம் திருப்பத்தில் குணசேகரத்தைக் காணவில்லை. அவர் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், ஐம்பத்துநாலு வயது. கொஞ்ச நேரத்தில் ஒரு மரத்தின் பின்னாலிருந்து வெட்கச் சிரிப்போடு வந்தார். கையில் தண்ணீர்ப் போத்தல், அது மூன்றாவது.

“குணம், இது எத்தினையாவது மரம்?” என்றார் தங்கமலர். “காட்டுக்கெல்லாம் நீ தண்ணி ஊத்திறாய். நகரசபை உனக்குச் சம்பளம் தரவேணும்.”

“விடாய்க்குது அக்கா. குடிச்சா வராதே?”

கிருபாமலர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கோட்டோடுதான் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அவர் ஒரு ரீசேர்ட் போட்டிருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. இடுப்புப் பட்டியில் புதிதாக இரண்டு ஓட்டை போடப்பட்டிருந்தது. விடாய், அடிக்கடி ஒதுங்குதல், மெலிவு. வேலை இடத்தில் இதையெல்லாம் கண்டால் உடனே எழுதிவைத்து நேர்ஸிடம் சொல்ல வேண்டும்.

அவள் வேண்டுமென்றே பின்தங்கி அவரோடு நடந்தாள்.

“தம்பி, நல்லா மெலிஞ்சிட்டீர்.”

“ஓம் அக்கா. பதினொரு கிலோ.” அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. “உங்களுக்குத்தான் முதல்ல சொல்லவேணும் எண்டு இருந்தனான். இண்டைக்கு மேல நானும் சாட்சி சொல்லப்போறன். உங்கட சாட்சியைக் கேட்ட அண்டைக்கே நானும் மாத்திரையை விட்டிட்டன். விசுவாசத்தில நிண்டன். முந்தி ராவில கால் ரெண்டும் நெருப்பாய் எரியும், நித்திரை இல்லை. பெப்ரவரியோட எரிவு நிண்டுது. இப்ப ஒண்டுமே இல்லை. முள்ளு குத்தினாலும் தெரியாது.”

கிருபாமலர் நடையை நிறுத்தினாள். எரிகிற கால் எப்போது எரியாமல் போகும் என்று அவளுக்குத் தெரியும். நரம்பு செத்த பிறகு.

“சப்பாத்தைக் கழட்டும்.”

“என்னக்கா?”

“கழட்டும் எண்டுறன். இதில இரும்.”

அவர் ஒரு பலகைப் படியில் உட்கார்ந்து கழற்றினார். இடது காலின் சொக்ஸ் முன்பக்கம் ஈரமாகக் கறுத்திருந்தது. அதை உரித்தபோது, பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் தெரிந்தது. ஐந்து குரோனர் நாணயக் குற்றியளவு இருக்கும். நடுவில் குழி. சுற்றிவரத் தோல் வெள்ளையாக ஊறி, ஓரம் கறுத்திருந்தது. இறங்கும்போது சப்பாத்துக்குள் புகுந்த ஒரு சிறு கல் அதற்குள்ளேயே புதைந்து கிடந்தது. அந்தக் கல்லோடு அவர் கரைக்கு இறங்கி, பாதி மலையும் ஏறியிருந்தார்.

“அட,” என்றார் குணசேகரம் குனிந்து பார்த்து. “நோகேல்லையே.”

அவள் கல்லை எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சுத்தமான கைலேஞ்சியைக் கிழித்துக் கட்டினாள். கை தன் பாட்டில் வேலை செய்தது. பிறகு பையிலிருந்து சீனி பார்க்கும் கருவியை எடுத்தாள்.

“இது ஆருடையது?” என்று அவர் கேட்டார்.

“வேலை இடத்து மெஷின்,” என்றாள். பொய் எவ்வளவு இலேசாக வந்தது என்று அவளுக்கே பயமாக இருந்தது. இப்படியே செய்துவிடலாம். அவருடைய சீனியைப் பார்க்கலாம், டொக்டரிடம் அனுப்பலாம்; தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

விரலில் குத்தும்போது அவர் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இருபத்தேழு புள்ளி நாலு. ஒன்றும் சாப்பிடாமல்.

“இது பத்துக்குக் கீழ இருக்க வேணும் தம்பி. இப்பவே டொக்டரிட்டப் போகவேணும். இப்பிடியே விட்டா கால் போகும். உயிரும் போகும்.”

குணசேகரம் அமைதியாகச் சிரித்தார். “உங்களுக்கும் முதல்ல கூடத்தானே இருந்தது? நீங்கள் நம்பினீங்கள், குறைஞ்சது. எனக்கும் இது சோதனை. நானும் நிப்பன்.”

மேலே பாட்டு தொடங்கிவிட்டது. மற்றவர்கள் அடுத்த திருப்பத்தில் நின்றார்கள். இந்த மனிதர் நின்றுகொண்டிருப்பது தேவனுடைய வார்த்தையின்மேல் அல்ல, தன்னுடைய வார்த்தையின்மேல் என்று கிருபாமலருக்கு விளங்கியது. அதை இழுத்தெடுக்காமல் அவரை அங்கிருந்து இறக்க முடியாது.

அவள் கருவியில் பழைய அளவுகளைக் காட்டும் பொத்தானை அழுத்தி அவரிடம் கொடுத்தாள். “இதில திகதி இருக்கு. பாரும்.”

அவர் பார்த்தார். இன்று காலை. நேற்று. முந்தநாள். அவர் அழுத்தி அழுத்திப் பின்னால் போனார். ஏப்ரல். மார்ச். ஜனவரி இருபத்தொன்பது.

“வேலை இடத்து மெஷின் எண்டு இப்பதானே சொன்னீங்கள்.”

“பொய் சொன்னன். இது என்ர. ஜனவரியில எனக்குச் சீனி திரும்ப வந்திட்டுது. அண்டையில இருந்து ஊசி போடுறன். இண்டைக்குக் காலமையும் போட்டனான். பாண் சாப்பிட்டிட்டுத்தான் உபவாசத்துக்கு வந்தனான்.”

குணசேகரம் கருவியைத் திருப்பிக் கொடுத்தார். சொக்ஸைப் போட்டார், சப்பாத்தைப் போட்டார், கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

“நாலு மாசம்,” என்றார். “ஒவ்வொரு ஞாயிறும் எனக்குக் கை தந்தீங்கள். எப்பிடி இருக்கிறீர் எண்டு கேட்டீங்கள். நல்ல சுகம் எண்டு நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நிண்டீங்கள்.”

“ஓம்.”

“என்னை விடுங்கோ அக்கா.”

அவர் எழுந்து ஏறத் தொடங்கினார். அந்தக் காலை நிலத்தில் ஊன்ற வேண்டாம், இதிலேயே இரும் என்று அவள் பின்னால் கெஞ்சிக்கொண்டு வந்தாள். அவர் திரும்பவில்லை. அவர் அடிவைக்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தன் உள்ளங்காலில் குத்தியது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேலே வானம் சட்டென்று திறந்துகொண்டது. கீழே ஏரி, அதற்கப்பால் இன்னொரு ஏரி, எல்லாப் பக்கமும் காடு. கோபுரத்தைச் சுற்றி டெனிஷ் குடும்பங்கள் ஐஸ்கிறீமோடு நின்றன. சபையார் ஒரு பக்கமாகப் புல்லில் கூடியிருந்தார்கள். குணசேகரம் அவர்களோடு சேராமல் தள்ளியிருந்த ஒரு தாழ்ந்த கல்மதிலில் போய் உட்கார்ந்தார்.

நேசரட்ணம் ஜெபித்து முடித்தார். “இப்ப சகோதரி கிருபாமலர் ரெண்டு வார்த்தை சொல்லுவா,” என்றார்.

அவள் எழுந்து நின்றாள். கணவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சீனி குறைந்ததைச் சொன்னாள். திரும்பி வந்ததைச் சொன்னாள். ஊசியைச் சொன்னாள், பாணைச் சொன்னாள். “என்ர சாட்சியைக் கேட்டு இஞ்ச ஒராள் மருந்தை விட்டிட்டார். அவருக்கு இப்ப உயிர் ஆபத்து. வேற ஆரும் விட்டிருந்தா, தயவுசெய்து எனக்கு இப்பவே சொல்லுங்கோ.”

இல்லை என்று தலைகள் ஆடின. புதிதாக வந்த குடும்பத்தின் தகப்பன் கேட்டார்: “அப்ப ஜெபத்தால சுகம் வரேல்லையே?”

“வந்தது. பிறகு வருத்தமும் வந்தது. ரெண்டையும் சொல்லியிருக்கவேணும்.”

“சாட்சியே பொய்யெண்டா பிறகு என்னத்தை நம்புறது?” என்று அவருடைய மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்தக் குடும்பம் மெல்ல எழுந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, காருக்குப் போய்விட்டது.

நேசரட்ணம் நின்ற இடத்திலேயே நின்றார். வேதாகமம் கையில் இருந்தது. “வீடியோவை அனுப்பினது நான்,” என்றார் கடைசியில். “வருத்தம் திரும்பி வந்தது எனக்கும் தெரியும். அதை அழியுங்கோ எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவவையும் பேசாமல் இருக்கச் சொன்னது நான்தான்.” பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கமலர் சாப்பாட்டுப் பையின் சிப்பை இழுத்துத் திறந்தார். ஒரு மரக்கறி ரோலை எடுத்துக் கிருபாமலரின் கையில் வைத்தார்.

“சாப்பிடு. ஊசி போட்டிட்டு மலை ஏறியிருக்கிறாய். நீ விழுந்தா உன்னைத் தூக்க எங்களால ஏலாது.” பிறகு தானும் ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்க ஒரு கடி கடித்தார். “நானும் உபவாசத்தை முடிச்சிட்டன். இனி ஆரும் ஆரையும் பார்க்கத் தேவையில்லை.”

கிருபாமலர் ரோலைப் பிடித்தபடியே கல்மதிலுக்குப் போனாள். குணசேகரத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, உட்கார்ந்தாள். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிசம்பரில டொக்டர் சொன்னவர்,” என்றார் பிறகு. “மாத்திரை காணாது, புது வருஷத்தோட ஊசி தொடங்கவேணும் எண்டு. எனக்கு ஊசியெண்டா சின்ன வயசில இருந்து பயம். கண்டாலே மயங்கி விழுவன். வீட்டில மனிசி சுஜீதாவுக்கும் நான் அதைச் சொல்லேல்லை. அந்தக் கிழமைதான் நீங்கள் சாட்சி சொன்னீங்கள். எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது.” அவர் கட்டை விரலால் மதிலின் பாசியைச் சுரண்டினார். “விசுவாசம் எண்டு எல்லாருக்கும் சொன்னன். எனக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருந்தன்.”

“தம்பி.”

“உங்களில கோவம் போகேல்லை அக்கா.”

“போகவேண்டாம். கோவத்தோடயே காரில ஏறும்.”

அவள் அவசர டொக்டர் சேவைக்குப் போன் எடுத்தாள். விடுமுறை நாள், பதினெட்டு நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஜெனனி வந்து, அவர் முன்னால் முழங்காலில் இருந்து, கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினாள். கட்டு நனைந்திருந்தது. அவள் தன் கழுத்துச் சால்வையை மடித்துக் காலுக்குக் கீழே வைத்தாள்.

கடைசியில் ஒரு நேர்ஸின் குரல் வந்தது. பெயர், பிறந்த திகதி, சீனி அளவு, புண் எந்த இடம். கிருபாமலர் போனை ஸ்பீக்கரில் போட்டு, டெனிஷில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“எப்போதிலிருந்து மருந்து எடுக்கவில்லை?”

“டிசம்பரிலிருந்து.”

“டொக்டர் நிறுத்தச் சொன்னாரா?”

குணசேகரத்துக்கு டெனிஷ் நன்றாக விளங்கும். அவர் அவளுடைய கையைத் தொட்டார். “மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ,” என்றார் தமிழில். “உங்களை ஏன் இதில எழுதுவான்.”

அவ்வளவு கோபத்துக்குள்ளும் அவர் அதைச் சொன்னார். கிருபாமலருக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. அந்தத் தயவைப் பெற்றுக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. அது அவளைக் காப்பாற்றவென்று நீட்டிய கை. ஆனால் கையை ஏற்றுக்கொண்டு, பொய்யை ஏற்றுக்கொள்ளாமல் விடலாம்.

“டொக்டர் சொல்லவில்லை,” என்றாள் போனில். “மருந்தில்லாமல் எனக்குச் சுகமானது என்று நான் பலர் முன்னால் சொன்னேன். வருத்தம் திரும்பி வந்த பிறகும் அதைத் திருத்தவில்லை. என்னை நம்பித்தான் இவர் நிறுத்தினார்.”

மறுபக்கத்தில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. நாலு மாதமாக அவள் நெஞ்சில் சுமந்தது, அங்கே இரண்டு வரியில் முடிந்தது. “சரி,” என்றாள் நேர்ஸ். “அந்தக் காலில் நடக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். எத்தனை நிமிடம் ஆகும்?”

“நாற்பது,” என்றார் நேசரட்ணம். அவர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று ஒருவருக்கும் தெரியாது. கார்ச் சாவியைக் கையில் வைத்திருந்தார்.

அவரும் ஜெனனியும் கைகளைக் கோர்த்து இருக்கையாக்கிக் குணசேகரத்தைத் தூக்கினார்கள். ஐஸ்கிறீமோடு நின்ற ஒரு டெனிஷ் மனிதர் இதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல், முன்னால் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். தங்கமலர் தண்ணீர்ப் போத்தலை உள்ளே வைத்துவிட்டு, “ஜெபிச்சுக்கொண்டு நிப்பம். போன் எடு,” என்றார்.

கிருபாமலர் பின் இருக்கையில் இருந்தாள். அவருடைய கால் சால்வையோடு அவள் மடியில் இருந்தது, எதிலும் இடிபடாமல் அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கார் காட்டுக்குள்ளால் இறங்கியது. நேசரட்ணம் ஒவ்வொரு வளைவையும் மெதுவாக எடுத்தார். கொஞ்சத் தூரம் போன பிறகு குணசேகரம் கேட்டார்:

“விரல் போயிடுமோ அக்கா?”

முதியோர் இல்லத்தில் தினமும் யாராவது இப்படி ஒன்றைக் கேட்பார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டு வருவாள். அந்த வார்த்தை இப்போதும் நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியாது தம்பி,” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். காலை அவள் மடியிலிருந்து எடுக்கவில்லை.